நெத்தியில விட்ட வெள்ளை

ஸ்டுடியோக்காரன் போட்டுக் குடுத்த படத்தப் பாத்ததும் ஆராயிக்கு வந்துச்சே ஒரு கோவம், அப்பப்பா! புருஷன் செத்த நாள்ல இருந்து வாயே தொறக்காத பொம்பள, பதினாலாம் நாளு அன்னிக்கித்தான் தொறந்தா. "எவன்டா இந்த ஆளு?"ன்னு மகன் விமல்ராஜப் பாத்துக் கேட்டா.

கேக்க மாட்டாளா பின்ன? ஆதார் கார்டுல இருந்த தலைய வெட்டி எடுத்து, கோட்டு சூட்டு போட்ட எவனோ ஒருத்தன் உடம்பு மேல ஒட்டி வச்சி, பின்னால ஒரு அருவியவும் ஊத்த விட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டின மனுஷன் சடையன். காக்கிச் சட்டைய விட்டா வெள்ளை வேட்டி, அவ்ளோதான் அவரு கண்ட உடுப்பு. ஃபிளாஷ் வெளிச்சத்துல நெத்தி மொத்தமும் வெளுத்துப்போயி, கண்ணு ரெண்டும் திருட்டு முழி முழிச்சிக்கிட்டு இருந்துச்சு. ஆதார் கார்டுல எவன்தான் மனுஷன் மாதிரி இருந்திருக்கான்?

"வேற போட்டோ இல்லம்மா. போட்டோன்னாலே நைனா ஓடி ஒளிஞ்சுக்குவாரு, உனக்குத் தெரியாதா? நான் இன்னா பண்றது?"ன்னான் விமல்ராஜ்.

அவன் அவசரம் அவனுக்கு. ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாள் காரியம். பத்து மணிக்குப் படத்திறப்பு. சொந்தபந்தம் அத்தன பேரு முன்னாலயும் துணிய விலக்கி மாலை போடணும். அன்னிக்கி மாட்டுற படம்தான் அந்த வீட்டுச் செவுத்துல காலத்துக்கும் தொங்கும்.

ஆராயி கூடத்து மூலையில உக்காந்திருந்த மகளப் பாத்தா. "அபி வரையட்டும்"னா.

கூடத்துல இருந்தவங்க எல்லாம் அபிநயாவத் திரும்பிப் பாத்தாங்க. ஏன்னா, அபிநயா அந்த வீட்டுக்குள்ள வந்தே பதினாலு நாள்தான் ஆவுது. அதுக்கு முன்னால பதினோரு வருஷம் அவ காலு அந்த வாசப்படியில படல. வேற சாதிப் பையன் அறிவுச்செல்வனக் கட்டிக்கிறேன்னு அப்பாகிட்ட சொன்னா. அவரு சோத்துத் தட்டுல இருந்து தலையத் தூக்கி ஒரு மொறைப்பு மொறைச்சாரு. மறுநாள் விடியக்காலையில அவரு குளிக்கப் போன நேரம் பாத்து, லெட்டர் எழுதி வச்சிட்டுப் போயிட்டா. போன தூரமாவது பெரிய தூரமா? இவங்க வீடு கோயிலோட பே கோபுரத்துக்குப் பின்னால ஒரு சந்துல. அவ வீடு வேங்கிக்கால்ல. அஞ்சு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ ஏறினா கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்த பதினோரு வருஷமா ரெண்டு பேரும் கடக்கல. அவரு பஸ் வந்தா இவ பெட்டிக்கடைக்குப் பின்னால போயி நின்னுக்குவா. மார்க்கெட்டுல எதிர்ல வந்தா அவரு தூரத்துலயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவாரு. கடைசியில செத்துப்போனாருன்னு விமல்ராஜ் போன் பண்ணப்பத்தான் ஓடியாந்தா.

வந்த நாள்ல இருந்து தெனமும் காலையில வந்து மூலையில உக்காந்துட்டு சாயங்காலம் போவா. போடின்னும் யாரும் சொல்லல, வாடின்னும் சொல்லல. அம்மா மூஞ்சி குடுத்துக்கூடப் பேசல. இப்ப அந்த அம்மாவே ஒரு வேலை சொல்லியிருக்கா.  இந்த ஒரு படத்தச் சரியா வரைஞ்சி குடுத்துட்டா, இந்த வீட்டுல நம்மளும் ஒரு பொண்ணுன்னு திரும்ப ஆயிடலாம்னு அபிநயா நெனச்சா. வேலையும் தெரியாத வேலை இல்ல. ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் அவ. கோபுரமும் மலையுமா வாட்டர் கலர்ல வரைஞ்சி வச்சா, கிரிவலம் வர்றவங்க ஆசையா வாங்கிட்டுப் போவாங்க.

சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கெல்லாம் பலகை, பிரஷ்ஷு, கலர் டப்பா, ரெண்டு மக்கு தண்ணியோட ஜன்னல் ஓரமா உக்காந்துட்டா. கையில இருந்தது கெட்டிப் பேப்பர் ரெண்டே ரெண்டு ஷீட்டு. அது இந்த ஊருல கெடைக்காது, சென்னையில இருந்து வரவழைக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு தேரடித் தெருவுல பிரேம் கடை மூடிடுவான். பாத்து வரைய விமல்ராஜ் போன்ல ஒரே ஒரு படம் இருந்துச்சு. மொட்டை மாடியில வேர்க்கடலை காயப்போடும்போது அவருக்குத் தெரியாம எடுத்தது. வெயிலுக்குத் துண்ட புருவம் வரைக்கும் எறக்கிக் கட்டியிருந்தாரு. மூக்கும் வாயும் தாடையும் நல்லாத் தெரிஞ்சுது, அதுவரைக்கும் சந்தோஷம்.

மொத ஷீட்டு நாசமாப் போச்சு. வேற எப்படிச் சொல்ல? அளவெல்லாம் சரியாத்தான் வந்துச்சு. மூக்கு அவரு மூக்குதான், தாடை அவரு தாடைதான். ஆனா கண்ணுகிட்ட வந்தா பிரஷ்ஷு அவ பேச்சக் கேக்கல. புருவம் நெறிஞ்சிக்கிட்டு வருது. தண்ணி தொட்டு எடுத்துட்டு மறுபடியும் போட்டா, மறுபடியும் நெறியிது. எடுத்து எடுத்துப் போட்டதுல கலர் எல்லாம் ஒண்ணாச் சேந்து சேறாப் போச்சு. போர் தண்ணி உப்பா இருக்கு, அதான்னா. பிரஷ்ஷு முடி கொட்டிடுச்சு, அதான்னா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான். இதுல துக்கம் கேக்க வந்தவங்க தொல்லை வேற. "மூக்கு இன்னும் கொஞ்சம் பெருசும்மா அவருக்கு"ன்னு ஒரு பெரியம்மா. "காது கம்மியா இருக்கே"ன்னு ஒரு சித்தப்பா. காது கம்மியாம்! கிலோ கணக்குல வச்சா விக்கிறாங்க காத? அவளுக்கு வந்த ஆத்திரத்துல அந்த மக்குத் தண்ணிய எடுத்து அவரு தலையில கவுத்திருப்பா. துக்க வீடாச்சேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா.

ஆராயி காபி டம்ளரக் கொண்டாந்து வச்சிட்டு படத்தப் பாத்தா. "இன்னாடி இது? ஹாரன் அடிச்சும் வழி விடாத லாரிக்காரனப் பாக்கிற மாதிரி பாக்கிறாரு?"

அபிநயாவுக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அது உண்மை. அவ கண்ணுக்குள்ள இருந்த அப்பா, சோத்துத் தட்டுல இருந்து மொறைச்ச அந்த அப்பாதான். அதுக்கப்புறம் வேற ஒண்ணப் பாக்கவே இல்லியே, எங்க இருந்து வரைவா? செத்துப் பதினஞ்சு நாள் ஆவுது, அவரு மேல இருந்த கோவம் இன்னும் ஒரு சொட்டு கொறையல. ஒரு தடவ போன் பண்ணக் கூடாதா? ஒரு தடவ வாடின்னு சொல்லக் கூடாதா? அவ்ளோ என்ன வீம்பு ஒரு மனுஷனுக்கு? மனசுல இருக்கிறத மறைச்சிக்கிட்டு வரைய ஆயில் பெயிண்ட்டுல முடியும். தப்பா வந்தா மேல ஒரு பூச்சு பூசி மூடிடலாம். வாட்டர் கலர்ல அந்த வேலையே ஆவாது. கீழ இருக்கிறது மேல தெரிஞ்சே தீரும்.

பன்னெண்டு மணி ஆயிடுச்சு. ரெண்டாவது ஷீட்ட எடுத்தா, அதான் கடைசி. பேப்பர நனைச்சு பலகையில ஒட்டிட்டு, வரையாம சும்மா உக்காந்திருந்தா கொஞ்ச நேரம். அந்த மொறைச்ச அப்பாவ விட்டுத்தள்ளு, அதுக்கு முந்தி இருவத்தஞ்சு வருஷம் பாத்தமே ஒரு அப்பாவ, அவர வரைவோம்னு முடிவு பண்ணா. காலையில நாலரை மணிக்கு ஜிலுஜிலுன்னு பச்சத் தண்ணியில குளிச்சிட்டு, நெத்தி நெறைய மூணு விரல்ல விபூதிய இழுத்துட்டு, அண்ணாமலையாருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பஸ்ஸுல கால் வைப்பாரு. பட்டை டிரைவர்னாத்தான் டவுன்ல அவரத் தெரியும். சடையன்னா யாருக்கும் தெரியாது.

வாட்டர் கலர்ல வெள்ளைன்னு ஒரு கலர் இல்லன்னே வச்சிக்கலாம். டப்பாவுல இருக்கும், ஆனா தொட்டா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி செத்துப்போய்க் கெடக்கும். நல்ல வெள்ளை வேணும்னா பேப்பரோட வெள்ளைய விட்டு வைக்கணும். எங்க வெள்ளை வேணும்னு மொத பிரஷ்ஷு வைக்கிறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிடணும், அப்பால நெனச்சிக்கிட்டா ஆவாது. அபிநயா நெத்தியில பென்சிலால மூணு பட்டை கோடு இழுத்தா. அந்த மூணையும் விட்டுட்டு சுத்தி ஈரத்துல கலர எறக்கினா.

அடேங்கப்பா, அது வந்த அழகு! ஒரே இழுப்புல நெத்தி வந்துச்சு. கன்னம் வந்துச்சு. புருவம் எளகி, கண்ணுல அந்த விடியக்கால சுறுசுறுப்பு வந்துச்சு. நெத்திப் பட்டை பளிச்சுன்னு நின்னுச்சு. ரெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. எவ்ளோ வருஷமா பிரஷ்ஷு பிடிக்கிறா, இப்படி ஒரு மூஞ்சி அவ கையில வந்ததே இல்ல. அவளுக்கே அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, சந்தோஷத்துலதான்.

விமல்ராஜ் பந்தல்காரன்கிட்ட பேசிட்டு உள்ள வந்தான். "யக்கா, சூப்பர்க்கா! அப்படியே நைனா"ன்னான். சொல்லிட்டு நெத்தியப் பாத்தான். பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட இப்ப காட்டாத, நேரா பிரேம் போட்டுடலாம்."

ஆனா ஆராயி அதுக்குள்ள பின்னால வந்து நின்னுட்டா. படத்த ஒரு நிமிஷம் பாத்தா. "இது யாருடி?"ன்னா.

அபிநயாவுக்கு ஒண்ணும் புரியல. "யாருன்னா? நைனாதான்."

"இது நீ பாத்த ஆளு. நான் கடைசி வரைக்கும் சோறு போட்ட ஆளு இல்ல. அவரு எங்கடி விபூதி வச்சாரு?"

"வைக்க மாட்டாரா? நைனாவா? செத்தப்ப நெத்தியில இருந்துச்சே, நான் பாத்தேனே!"

"பொணத்துக்குப் பூசினாங்க. உசுரோட இருந்தப்ப பூசல. நிறுத்தி வருஷக்கணக்கா ஆச்சு. அழிச்சிடு அத."

"ஏன்மா நிறுத்தினாரு?"

"அழிச்சிடுன்னா அழிச்சிடு"ன்னுட்டு ஆராயி அடுப்பங்கரைக்குப் போயிட்டா.

விமல்ராஜுக்கு வந்துச்சு வேகம். "யக்கா, நீ கம்முனு இரு. நாளைக்கி எரநூறு பேரு வருவாங்க. வெறும் நெத்தியோட மாட்டினா நல்லாவா இருக்கும்? இருக்கட்டும் விடு." ஏன்டா நிறுத்தினாருன்னு அவனக் கேட்டா, அவன் வேற எங்கியோ பாத்துக்கிட்டு, "ஏதோ அரிப்பு வந்துச்சுன்னு நிறுத்திட்டாரு"ன்னான். பொய்யி சொல்லக் கூடத் தெரியல அவனுக்கு.

இருக்கட்டும்னு விட்டிருந்தா அந்தப் படம் பொழைச்சிருக்கும். ஆனா வரையச் சொன்னது அம்மா. அம்மா இது அவரு இல்லன்னுட்டா, எரநூறு பேரு ஆஹான்னாலும் அபிநயாவுக்கு இன்னா பிரயோஜனம்? மூணு கோடுதானே, தோல் கலரக் கலக்கி ரொப்பிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சா. பதினஞ்சு வருஷம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவ, காஞ்ச வாட்டர் கலர் மேல கை வைக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துறவ, அவளே போயி கை வச்சா. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன?

ரொப்பினப்ப சரியாத்தான் இருந்துச்சு. காஞ்சதும் பாத்தா, சுத்தி இருக்கிற கலர் ஒரு தினுசு, ரொப்பின கலர் ஒரு தினுசு. வெள்ளைப் பட்டை இருந்த எடத்துல மூணு மண்ணுப் பட்டை, சூடு போட்ட மாதிரி! ஐயோன்னு அடிச்சிக்கிட்டு, ஓரத்தக் கரைக்கலாம்னு ஈர பிரஷ்ஷால தேச்சா. ஓரம் கரையல, நடுவுல கரைஞ்சுது. டிஷ்யூ பேப்பர வச்சி ஒத்தினா, கலரோட சேந்து நெத்தியும் வந்துடுச்சு. அதச் சரி பண்ண மேல ஒரு கலர், அது ஜாஸ்தியாப் போச்சுன்னு அதுக்கு மேல தண்ணி, தண்ணி எறங்கி புருவத்துல போயி நிக்க, எளகின புருவமும் கரைஞ்சி கண்ணு மேல சரிஞ்சுது. பேப்பர் நைஞ்சுபோயி நூல் நூலாக் கெளம்பிடுச்சு. விமல்ராஜ் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "நான் அப்பவே சொன்னேன்க்கா, நான் அப்பவே சொன்னேன்"னு அஞ்சு வாட்டி சொன்னான்.

"போடா அந்தப் பக்கம்!"னு கத்தினா அபிநயா. வாசல்ல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

நாலரை மணிக்கு பிரஷ்ஷத் தூக்கி வீசினா. புள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுபோச்சு. மூக்குக்குக் கீழ எல்லாம் நல்லா இருக்கு. மேல பாத்தா நெத்தி முழுக்க மொத்தக் கொழப்பம். மூணு பட்டை இருந்துச்சுன்னும் தெரியிது, இல்லன்னும் தெரியிது. வெள்ளையும் மண்ணுமா இழுவி, எடது புருவம் வரைக்கும் வழிஞ்சி நிக்கிது. கண்ணுல இருந்த சுறுசுறுப்பு போயி, என்னமோ தொலைச்சவரு கண்ணு மாதிரி கலங்கிக் கெடக்கு. அந்தக் கண்ணப் பாக்கப் பாக்க அவளுக்கு அவ மேலயே வெறுப்பு வந்துச்சு. ஒரு வேலை. வாழ்க்கையில அம்மா கேட்டது ஒரே ஒரு வேலை. அதையும் செய்ய வக்கில்லியே இந்தக் கைக்கு! படத்த பலகையில இருந்து பிச்சி எடுத்து ரெண்டாக் கிழிக்கப் போனா.

"குடு அத"ன்னு ஒரு கை வந்து வாங்கிடுச்சு. ஆராயிதான்.

"விடும்மா, நாசமாப் போச்சு. அந்தக் கோட்டு சூட்டையே மாட்டிக்கோங்க. எனக்கு வரல, விட்டுடு."

ஆராயி படத்த ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பிடிச்சா. பாத்துக்கிட்டே நின்னா. 

"இதான்"னா. "இதான்டி அவரு."

விமல்ராஜ் ஓடியாந்தான். "யம்மா, அது இழுவிப் போயிருக்கு. நெத்தியப் பாரு!"

"நெத்தியத்தான்டா பாக்கிறேன்." ஆராயி மகள் பக்கம் திரும்பினா. "நீ போன அன்னிக்கி குளிச்சிட்டு, பட்டை போட்டுக்கிட்டு, ட்யூட்டிக்குக் கெளம்பி நின்னாரு. உன் லெட்டர இவன்தான் படிச்சிக் காட்டினான். அந்த மனுஷன் ஈரத் துண்ட எடுத்தாரு. சாமி படத்துக்கு நேராப் போயி நின்னு நெத்தியத் தொடச்சாரு. சரியாவும் தொடைக்கல. பாதி கோடு கோடா நின்னுச்சு, பாதி புருவத்துல வழிஞ்சுது. இதே மாதிரி. இதே எடது பக்கம். எம் பொண்ணு இந்த வாசப்படி ஏறட்டும், அன்னிக்கி வச்சிக்கிறேன் உன் விபூதியன்னு சாமிகிட்ட சொல்லிட்டு, அப்படியே பஸ்ஸுக்குப் போயிட்டாரு."

 விமல்ராஜ் தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

"நீ ஏறினே"ன்னா ஆராயி. "அவரு கூடத்துல படுத்திருந்தாரு. ஊருக்காரங்க பூசி விட்டாங்க."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" அபிநயா குரல் கிறீச்சுன்னு கெளம்பிச்சு. அழுகையா கோவமான்னு அவளுக்கே தெரியல. "யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம் இல்ல? டேய், உங்கிட்ட என் நம்பர் இருந்துச்சு இல்ல? அஞ்சு கிலோமீட்டர்மா! சாமிகிட்ட சொன்னத எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் ஓடியாந்திருக்க மாட்டேனா?"

"சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. அவளாத் தோணி வரணும்னாரு. அஞ்சு கிலோமீட்டர்தான். அவருக்கும் அதான், உனக்கும் அதான்."

 பதினோரு வருஷமா சேத்து வச்ச கோவம், அதுல பாதிய எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு அபிநயாவுக்குத் தெரியல. மொறைச்ச கண்ண வரையத் தெரிஞ்சுது. பட்டை போட்ட நெத்திய வரையத் தெரிஞ்சுது. அவ பாக்காத அந்தக் காலை நேரத்த, வேணும்னு பிரஷ்ஷு வச்சிருந்தா ஆயுசுக்கும் வரைஞ்சிருக்க முடியாது. இப்ப அது அம்மா கையில இருக்கு. இனிமே அதப் பாக்காம இருக்கவும் முடியாது.

"இத மாட்டாதம்மா"ன்னா. "உங்கால்ல விழறேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மொத ஷீட்டோட பின்பக்கம் சும்மாத்தான் இருக்கு, அதுல வெறும் நெத்தியா, சுத்தமா வரைஞ்சி குடுத்துடுறேன். நாளைக்கி எல்லாரும் பாப்பாங்க. இன்னா ஆச்சு நெத்தியிலன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும், சொல்றேன்."

"நான் எப்படிம்மா இது முன்னால வந்து உக்காருவேன்?"

"நான் உக்காந்தேனே? விபூதி போனாலும் இந்தக் கலங்கின கண்ணு மாறலியே. தெனம் மூணு வேளை இந்த மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்து சோறு போட்டேனே, பதினோரு வருஷம்? நீயும் வந்து உக்காரு. வாரத்துக்கு ஒரு நாளாவது வந்து உக்காரு." ஆராயி முந்தானையால கண்ணத் தொடச்சா. அப்பறம் படத்த ஒரு பழைய பேப்பர்ல சுத்தி விமல்ராஜ் கையில குடுத்தா.

அபிநயா தன்னையும் அறியாம ஒரு எட்டு முன்னால வந்தா. "புருவம் மட்டும்மா. அந்த எடது புருவம் மட்டும் ஒரே ஒரு தடவ..."

"வண்டிய எடுடா விமலு, கடை மூடிடுவான்"னா ஆராயி. "கண்ணாடி போட்டு, பின்னால ஆணி அடிச்சி வாங்கிட்டு வா. இவ கையில விட்டா மறுபடியும் திருத்த உக்காந்துடுவா."